சோதனைக் குழாய் யார் கையில்?

(பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒருநாள் பயிலரங்கில், ‘வேதியியலும் சமூகமும் நீடித்த வளர்ச்சியும்’ என்ற தலைப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு தோழர் கேட்டார்: “கவிதை எழுதுதீரு, பேங்குல கணக்குப் பாக்கீரு. வேதியியலப் பத்திப் பேச உமக்கு என்னவே இருக்கு?” நியாயமான கேள்வி. நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன். படித்ததை வைத்து ஒருநாள்கூட வேலை பார்க்காதவன். நம்ம பிள்ளைகளில் பல பேர் கதை இதுதான். பட்டம் வாங்குகிறோம், பிறகு குரூப் ஃபோர், ரயில்வே, பேங்க் என்று எது கிடைக்கிறதோ அதில் போய் உட்காருகிறோம். படித்த பாடம் பரணில் ஏறிவிடுகிறது. அதைப் பரணிலிருந்து இறக்குங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். நம்ம சனங்க உயிரோட இருக்கிறதுக்கு அந்தப் பாடம் வேணும்.

ஒரு வாயுவிலிருந்து தொடங்குகிறேன். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்திருப்பீர்கள். கிப் உபகரணத்தில் இரும்பு சல்ஃபைடைப் போட்டு அமிலம் விட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அதைக் கரைசலுக்குள் செலுத்தினால் காரீயமும் தாமிரமும் கறுப்பாகப் படியும். காட்மியமும் ஆர்சனிக்கும் மஞ்சளாகப் படியும். இந்த வாயுவை எப்படி அடையாளம் காண்பது? அழுகிய முட்டை நாற்றம். பரீட்சையில் எழுதினால் மார்க் உண்டு.

இதே வாயுதான் செப்டிக் டேங்கிலும் இருக்கு. காற்றுப் புகாத இடத்தில் மலத்தைப் பாக்டீரியா சிதைக்கும்போது மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு எல்லாம் உண்டாகின்றன. காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு 34. கனமான வாயு, அடியில் தங்கும். கசடுக்குள்ளேயும் சிக்கிக் கிடக்கும். மேலே நின்று பார்க்கிறவனுக்குப் பெரிசா ஒண்ணும் தெரியாது. ஆள் இறங்கிக் கசடைக் கலக்கினதும், சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்த மாதிரி மொத்தமாகக் கிளம்பும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரிகிற வாயு இது. அதுவே நூறு பங்கைத் தாண்டினால் மோப்ப உணர்ச்சி மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிடும். உள்ளே இருக்கிறவர் ‘வாடை போயிட்டு’ என்று நினைப்பார். ஐந்நூறைத் தாண்டினால் மயக்கம். ஆயிரத்தை நெருங்கினால் இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்கினவர் விழுவார். இவரைத் தூக்க இறங்கினவரும் விழுவார்.

மறுநாள் பத்திரிகையில் ‘விஷவாயு தாக்கி மூவர் பலி’ என்று வரும். அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பாருங்க. வாயு வந்து தாக்கினதாம். இறக்கிவிட்டவன் பேர் அந்த வாக்கியத்தில் கிடையாது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம் வந்தது. 2013இல் இன்னொன்று வந்தது. 1993இலிருந்து சாக்கடைக்குழியில் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடு என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதையே 30 லட்சம் ஆக்கியது. இவ்வளவுக்குப் பிறகும் குழிக்குள் ஆள் இறங்குவது நிற்கவில்லை.

இறங்குகிறவர் யார் என்பது இந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் அருந்ததியர். இங்கே ஒன்றைச் சொல்லியாகணும், கோபப்படாதீங்க. தாமிரபரணிக் கரையில் நிலத்துக்கும் கூலிக்கும் ஊர்வலம் போன நம்ம இயக்கங்கள், சாக்கடைக் குழிக்காக எத்தனை தடவை தெருவுக்கு வந்திருக்கின்றன? அருந்ததியர் தெருவில் இழவு விழுந்தால் பள்ளர் தெருவிலிருந்தும் பறையர் தெருவிலிருந்தும் எத்தனை பேர் போய் உட்காருகிறோம்? தலித் என்று ஒற்றைச் சொல்லில் எல்லாரையும் அடைத்துவிட்டு, அடியில் இருப்பவரை இன்னும் அடியில் விட்டுவிட முடியாது. கனமான வாயு மாதிரிதான் சாதியும். கீழே போகப் போகச் செறிவு கூடும்.

‘நாற்றம் திடீரென்று நின்றால் அதுதான் ஆபத்து’. இந்த ஒரு வரி எந்தத் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புச் சுவரிலாவது எழுதியிருக்கிறதா? பி.எஸ்ஸி. படித்தவனுக்குத் தெரிந்த விஷயம் அந்தக் குழிக்குள் இறங்குகிறவருக்குப் போய்ச் சேரவில்லை. வேதியியலுக்கும் சமூகத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால், நம்ம ஊரில் முதல் பதில் இதுதான்.

இன்னொரு பக்கம் பாருங்க. வேதியியல் நமக்குப் புதுசு ஒண்ணும் கிடையாது. நம்ம உழைப்பே அதுதான். செத்த மாட்டை இழுத்துக்கொண்டு போன ஆள், தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிரைக் கழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் போட்டார். பட்டையில் இருக்கிற டானின், தோலில் இருக்கிற புரதத்தைப் பிடித்துக் கட்டிவிடும். அதற்கப்புறம் தோல் அழுகாது. நமக்கே துணி வெளுத்த புதிரை வண்ணார் உவர்மண்ணைக் கரைத்து வெள்ளாவி வைத்தார். உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட். காரத்தையும் நீராவியையும் வைத்து அழுக்கைப் பிரிக்கிற வேலை அது. இந்த அறிவெல்லாம் கையில் இருந்தது. அதற்குச் சமூகம் கொடுத்த பேர் தீட்டு.

தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் நிற்கிற பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் தண்ணீரிலோ கிணற்று உவர்நீரிலோ எல்லா உப்பும் கலந்துதான் கிடக்கிறது. வெயிலில் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்புச் சத்து இறங்கும். அப்புறம் ஜிப்சம். போமே மானியில் 25 பாகை வரும்போது சோற்றுப்பு படிய ஆரம்பிக்கும். 30 பாகையை நெருங்கவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தண்ணியைப் பாத்தி மாற்றணும். பின்னப் படிகமாக்கல் என்று பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் வருவது இதுதான். பாத்தி மிதித்துப் பழகிய பெண்ணுக்கு மானி வேண்டாம். தண்ணி நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் காலில் வெடிப்பு, கண்ணில் கூச்சம், கையில் அன்றாடக் கூலி. அந்த உப்பிலிருந்துதான் சோடா உப்பு, காஸ்டிக் சோடா, குளோரின் என்று ஒரு தொழில் உலகமே எழும்புகிறது. அடியில் நிற்கிறவரின் அறிவுக்குச் சான்றிதழும் இல்லை, விலையும் இல்லை.

இந்தப் பள்ளத்தாக்கின் மண்ணைத் தோண்டினாலும் வேதியியல்தான் கிடைக்கிறது. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது வெண்கலமும் இரும்பும் குவியலாகக் கிடைத்தன. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னே போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பெருமை பேசக் கூட்டம் கூடிவிட்டது. நான் கேட்பது ஒன்றுதான். தாது உருக்கினவனின் நுரையீரல் எப்படி இருந்திருக்கும்? உலை ஊதினவன் எங்கே படுத்துத் தூங்கினான்? தாழியையும் வாளையும் கொண்டாடுகிறவர்கள் இன்று உலையடியில் நிற்கிறவனைக் கண்டுகொள்வதில்லை.

அடுத்து, ‘சுத்தம்’ என்கிற சொல். வேதியியலில் சுத்தம் என்றால் அளந்து சொல்லக்கூடிய ஒன்று. பேங்கில் நகைக்கடனுக்கு வருகிற நகையை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்து ஒரு சொட்டு அமிலம் விடுவார். செம்பு கரைந்து போகும், தங்கக் கோடு நிற்கும். எந்தத் தெருவில் கழுத்திலிருந்து கழற்றிய நகை என்று அந்த அமிலம் கேட்பதில்லை. சாதியின் சுத்தம் வேறு மாதிரி. அதை அளக்க முடியாது, காட்ட முடியாது. சொல்கிறவனின் அதிகாரம் மட்டும்தான் அதற்கு நிரூபணம்.

1927 மார்ச் 20இல் அண்ணல் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பிறகு ஆதிக்க சாதியார் என்ன செய்தார்கள்? 108 பானைத் தண்ணீரை வெளியே எடுத்தார்கள். சாணி, கோமியம், பால், தயிர் கலந்த பானைகளைக் குளத்தில் முக்கி, மந்திரம் சொல்லி, குளம் சுத்தமாகிவிட்டது என்றார்கள். ஒரு வேதியியல் மாணவன் இதை எப்படிப் பார்க்கணும்? மனிதன் கைபட்டதால் அந்தக் குளத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சாணியும் பாலும் கலந்ததும் அதைத் தின்னப் பாக்டீரியா பெருகும், கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும், குடல்கிருமி சேரும். அளவுமானி கணக்கில் குளம் கெட்டது ‘சுத்தம்’ செய்த அன்றைக்குத்தான்.

நம்ம பக்கத்துக்கு வாங்க. 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கியது. குடிக்கிற கிணற்றையும் கெடுத்தார்கள் என்று ஊர்ச் சனங்க சாட்சி சொன்னார்கள். 2022 டிசம்பர் 26இல் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம்ம சனங்க குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. அங்கே ஆய்வுக்கூடம் எப்படி வந்தது தெரியுமா? பாதிக்கப்பட்டவர்களிடமே மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடு என்று கேட்டு வந்தது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை அதே தெருவைச் சேர்ந்த மூன்று பேர் மீதே வந்தது. சனங்க அதை ஏற்கவில்லை. சோதனைக்குச் சாதி கிடையாது, சரிதான். மாதிரியை யாரிடம் எடுப்பது, எதைத் தேடுவது, எதைத் தேடாமல் விடுவது என்று முடிவு செய்கிற இடத்தில் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் தலைப்பை இப்படி வைத்தேன்.

இப்போது ஒரு கணக்கு. பிளஸ் டூ மாணவர்கள் நோட்டை எடுங்க. நம்ம ஆற்றின் பேரிலேயே தாமிரம் இருக்கு. ஆறு கடலில் சேர்கிற பக்கத்திலேயே தாமிர உருக்காலை வந்தது. மகாராஷ்டிராவின் ரத்னகிரியில் மக்கள் எதிர்த்ததால் 1993இல் அங்கே வேலை நின்றது. 1994இல் தூத்துக்குடியில் அடிக்கல் விழுந்தது. 1996இல் ஸ்டெர்லைட் உலை எரிந்தது.

தாமிரத் தாது பெரும்பாலும் சால்கோபைரைட். அதன் மூலக்கூறில் செம்பு ஒன்று, இரும்பு ஒன்று, கந்தகம் இரண்டு. செம்பின் அணு எடை 63.5. கந்தகம் 32, இரண்டுக்கு 64. அப்படியென்றால் ஒரு டன் செம்பு எடுக்க ஒரு டன் கந்தகத்தைப் பிரித்தாகணும். கந்தகம் எரிந்தால் எடை இரட்டிக்கும்: இரண்டு டன் கந்தக டைஆக்சைடு. அதைத் தொடுமுறையில் பிடித்து அமிலமாக்கினால் மூன்று டன் சல்ஃபியூரிக் அமிலம். மூடும்போது ஆலையின் கொள்ளளவு ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பு. பெருக்கிப் பாருங்க. உள்ளே உண்டாகிற கந்தக டைஆக்சைடு 8 லட்சம் டன். நூற்றில் 99ஐப் பிடித்தாலும், மிச்சம் ஒன்று என்பது 8,000 டன்! ‘எங்க ஆலை ரொம்பத் திறமையா வாயுவைப் பிடிக்குது’ என்று ஒரு அதிகாரி சொன்னால், நீங்கள் கேட்க வேண்டியது சதவீதத்தை இல்லை. மிச்சம் எத்தனை டன், காற்று எந்தப் பக்கம், அந்தப் பக்கம் யார் வீடு?

2013இல் உச்சநீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொல்லிவிட்டு ஆலையை ஓட விட்டது. 2018 மே 22ஆம் தேதியும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அதற்கப்புறம்தான் மே 28இல் ஆலையை மூட அரசாணை வந்தது. திறக்கக் கேட்ட மனுவை 2024 பிப்ரவரி 29இல் உச்சநீதிமன்றம் தள்ளியது. ஆலைக்குக் கீழே இருந்த குமரெட்டியாபுரத்துச் சனங்களுக்கு ரசாயனச் சமன்பாடு தெரியாது. தொண்டை எரிவது தெரியும். அந்த எரிச்சலைச் சமன்பாடாக எழுதிக் கொடுக்கிற ஆட்கள் நம்மிடம் 1996இலேயே நிறைய இருந்திருக்கணும்.

‘செம்பு வேண்டாமா? கரண்டு கம்பி எதில் இழுப்பீர்கள்?’ என்று கேட்கிறார்கள். வேண்டும்தான். பழைய செம்பை உருக்கித் திரும்பப் பயன்படுத்தினால் கந்தகப் பிரச்சினையே பெரும்பாலும் இல்லை. புதுசாக உருக்கித்தான் ஆகணும் என்றால், எங்கே, எவ்வளவு, யார் மேற்பார்வையில் என்று முடிவெடுக்கிற மேசையில் கீழ்க்காற்றில் குடியிருக்கிறவனுக்கு நாற்காலி இருக்கணும்.

இதே ஆற்றுத் தண்ணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து 20 எம்.ஜி.டி. திட்டம் என்று பேர் வாங்கின குழாயில், தூத்துக்குடி ஆலைகளுக்குத் தாமிரபரணி போனது. 20 எம்.ஜி.டி. என்றால் நாளொன்றுக்கு சுமார் 9 கோடி லிட்டர். கடைமடையில் வாழை காய்ந்த வருஷங்களிலும் இந்தக் குழாயைப் பற்றித்தான் சண்டை.

வேதியியலிடமே தீர்வு இருக்கே, காத்திருந்தால் வந்துவிடாதா என்று சில பேராசிரியர்கள் சொல்வார்கள். கோவில்பட்டித் தீப்பெட்டியை எடுத்துப் பாருங்க. குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட். பெட்டி ஓரத்தில் செம்பாஸ்பரஸ். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் வெண்பாஸ்பரஸ் போட்டுத் தீக்குச்சி செய்தார்கள். அந்தப் புகையில் வேலை பார்த்த பெண்களுக்குத் தாடை எலும்பு அழுகி விழுந்தது. விஷம் குறைந்த செம்பாஸ்பரஸை 1845இலேயே கண்டுபிடித்தாயிற்று. 1850களில் ஸ்வீடனில் அதை வைத்துப் பாதுகாப்புத் தீப்பெட்டியும் செய்தாயிற்று. ஆனாலும் மலிவு என்று முதலாளிகள் வெண்பாஸ்பரஸை விடவில்லை. 1888இல் லண்டன் பிரையன்ட் அண்ட் மே ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1906இல் பெர்ன் ஒப்பந்தம். இந்தியாவில் தடைச்சட்டம் 1913இல். தீர்வு கையில் இருந்தும் 60 வருஷம் தாடைகள் அழுகின. சோதனைக் குழாயில் கிடைத்த விடையை ஆலைக்குள் கொண்டுவந்ததில் தெருவில் இறங்கின பெண்களுக்குப் பங்கு உண்டு.

‘நீடித்த வளர்ச்சி’ என்கிற சொல்லுக்கு வருகிறேன். 1987இல் புருன்ட்லண்ட் குழு அறிக்கை கொடுத்த விளக்கம் இது: வருங்காலத் தலைமுறையின் தேவைக்குப் பங்கம் வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது. நல்ல விளக்கம்தான். ஆனால் பிறக்காத பிள்ளையைப் பற்றி இவ்வளவு அக்கறைப்படுகிறவர்கள், பிறந்து சேரியில் கிடக்கிற பிள்ளையைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? குப்பைக்கிடங்கு எந்தத் தெருவை ஒட்டி இருக்கு? ஊர்ச் சாக்கடை எந்தப் பக்கமாகத் திரும்புது? சுடுகாட்டுக்குப் பக்கத்தில் யாருக்குப் பட்டா கொடுத்திருக்கு? நம்ம நாட்டில் கழிவுக்கு ஒரு விலாசம் இருக்கு. அந்த விலாசம் மாறாத வளர்ச்சி எத்தனை காலம் நீடித்தாலும் நமக்கு அது வளர்ச்சி கிடையாது.

1998இல் பால் அனாஸ்தாஸ், ஜான் வார்னர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் பசுமை வேதியியலுக்கு 12 விதிகள் எழுதினார்கள். முதல் விதி: கழிவு உண்டான பிறகு சுத்தப்படுத்துவதைவிட, உண்டாகாமல் தடுப்பது மேல். ஆலைக்கு எழுதிய விதி. நாம் இன்னும் நீட்டிப் படிப்போம். ஒருவன் கழிவை இன்னொருவன் தலைமுறை தலைமுறையாக அள்ளுவான் என்ற நிச்சயம் இருக்கிற வரைக்கும், கழிவைக் குறைக்க எவனுக்கும் அவசரம் வராது. அள்ள ஆள் கிடையாது என்றால்தான் எந்திரம் வரும், வேறு கழிப்பறை வடிவம் வரும். சாதி ஒழிப்பை விட்டுவிட்டுப் பசுமை வேதியியல் இந்த நாட்டில் ஓரடிகூட நகராது.

சரி, என்ன செய்யலாம்? மூன்று வேலை சொல்கிறேன். மூன்றும் உங்களால் முடியும்.

முதல் வேலை, ஆற்றை நாமே அளப்பது. பாபநாசம், சேரன்மகாதேவி, கொக்கிரகுளம், சிற்றாறு வந்து சேர்கிற சீவலப்பேரி, ஸ்ரீவைகுண்டம், ஏரல். ஆறு இடம் போதும். வின்க்ளர் முறை உங்க கல்லூரிப் பாடத்திலேயே இருக்கு. காற்றுக்குமிழி இல்லாமல் புட்டியை நிரப்பி மாங்கனீஸ் சல்ஃபேட், அடுத்து கார அயோடைடு விடுங்க. ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும். அறவே இல்லாவிட்டால் வெள்ளையாகப் படியும். கண்ணால் பார்க்கிற பாடம். பிறகு தயோசல்ஃபேட்டால் தரம்பார்த்து அளவைச் சொல்லுங்க. குளிக்கிற தண்ணீருக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்ஸிஜனாவது வேணும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அளவுகோல். மாதம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடுத்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்க. ஒருநாள் கணக்கை எவனும் மதிக்க மாட்டான். இரண்டு வருஷக் கணக்கைத் தட்டிக் கழிப்பது கஷ்டம். கொக்கிரகுளத்தில் புட்டியை முக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்த சனங்களைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியதில் 17 பேர் செத்தது அங்கேதான். ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. அந்தத் தண்ணியை அளக்கிற உரிமை நமக்கு எவனும் தரவேண்டியதில்லை.

இரண்டாவது வேலை, சட்டம். தகவல் உரிமைச் சட்டம், 2005 என்றால் காகிதம் கேட்பது மட்டும் என்று நினைக்கிறோம். அரசு அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கிற பொருளிலிருந்து சான்றிட்ட மாதிரி எடுக்கிற உரிமையும் அந்தச் சட்டத்தில் இருக்கு. காலனித் தொட்டித் தண்ணீருக்கு ஒரு மாதிரி, மேலத்தெருத் தொட்டித் தண்ணீருக்கு ஒரு மாதிரி, இரண்டையும் கேட்டு மனுப் போடுங்க. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி என்று இருக்கு. உங்க ஊரில் அந்த ஐந்து பேர் யார், எந்தத் தெரு என்று கேளுங்க. அதில் நம்ம தெருப் பெண்கள் இருக்கணும். பரிசோதனைப் பெட்டி அவர்கள் கையில் இருக்கணும்.

மூன்றாவது வேலை, நான் ஆரம்பத்தில் சொன்ன வாயு. ஒரு பக்கத் துண்டறிக்கை போதும். ‘இறங்காதே. இறங்கச் சொல்வது குற்றம். வாடை நின்றால் ஆபத்து. விழுந்தவரைத் தூக்க வெறுமனே இறங்காதே, தீயணைப்பு வண்டியைக் கூப்பிடு’. இதை அருந்ததியர் குடியிருப்புகளுக்கு நாமே கொண்டுபோகணும். கொடுத்துவிட்டு வாசலிலிருந்தே திரும்பி வந்துவிடாதீங்க. உட்கார்ந்து, தண்ணி வாங்கிக் குடித்து, அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொண்டு வாங்க. குழியைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது நம்ம புத்தகத்தில் கிடையாது.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டாள்: “அண்ணே, கெமிஸ்ட்ரி எடுத்தா வேலை கிடைக்குமா?” கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலோ, தடய அறிவியல் கூடத்திலோ, கல்லூரியிலோ நீ போய் உட்காரணும் என்பது என் ஆசை. வேங்கைவயல் மாதிரி ஒரு தொட்டித் தண்ணீர் உன் மேசைக்கு வரும்போது, எதைத் தேடணும் என்று தெரிந்த ஆள் அங்கே இருக்கணும். வேலை கிடைக்காவிட்டாலும் படித்தது வீணில்லை தாயி. ஊருக்குள் ஒரு ஆலை வரும்போது, அது கொண்டுவருகிற காகிதத்தை வாசித்து ‘இந்தக் கணக்குத் தப்பு’ என்று கிராமசபையில் எழுந்து சொல்ல ஒரு ஆள் வேணும்.

நேரமாயிட்டு. நான் சொன்ன கணக்குகளை நீங்களும் போட்டுப் பாருங்க. சந்தேகம் இருந்தால் கேளுங்க, பேசுவோம். அடுத்த மாதம் பாபநாசத்தில் முதல் புட்டியை நிரப்ப யார் யார் வருகிறீர்கள் என்று வெளியே ஒரு நோட்டு வைத்திருக்கிறது. பேர் எழுதிவிட்டுப் போங்க.